கடமையும் கூரையும்

கொடுக்க வேண்டியதைக் கொடாதவனை என்ன செய்வது என்னும் கேள்வி மிகப் பழையது. கடன் பெற்றவன் திருப்பித் தராவிட்டால் அவன் சொத்திலிருந்து கடனை அறவிடலாம். பொருள் வாங்கியவன் விலை தராவிட்டாற் பொருளைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால், ஒருவன் தான் குடியிருக்கும் இடத்துக்கு உரியதைச் செலுத்தத் தவறினால், அங்கே பணத்தோடு வழக்கு முடிவதில்லை. அவனுடைய அடுப்பும் தொட்டிலும் அதனோடு பெயர்க்கப்படுகின்றன. ஆதலின், நாகரிகமுள்ள எந்தச் சமுதாயமும் இக்கேள்விக்கு விடை கூறுமுன் சற்றே தயங்கியிருக்கிறது. அந்தத் தயக்கத்தின் அளவே அச்சமுதாயம் தன் குடிகளிடத்து வைத்திருந்த மதிப்பின் அளவு எனலாம்.

நம் நாட்டில் இவ்வொரு கேள்விக்கு மூன்று வெவ்வேறு விடைகளை ஒரே வட்டாரத்திற் காண விரும்புவோர் பிலிமத்தலாவைக்குச் செல்லலாம். கண்டியிலிருந்து கொழும்பை நோக்கிச் செல்லும் பெருவீதியில், பேராதனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே அமைந்த ஊர் அது. வீதியின் இருமருங்கிலும் கடைகளும் வாடகை வீடுகளும் நெருங்கியிருக்கின்றன. தெற்கே பிரியும் கிளைவழியிற் சென்றால் கடலாதெனிய விகாரையும், லங்காதிலக விகாரையும், எம்பெக்கே தேவாலயமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சுற்றியுள்ள மலைச்சரிவுகளின் மேலே தோட்டங்கள், தோட்டங்களில் லயங்கள். கோயில் நிலத்துக் குடி, வாடகை வீட்டுக் குடி, லயத்துக் குடி என்னும் இம்மூவருக்கும் சட்டம் சொன்ன விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நாம் வாழும் நாட்டை அறிந்துகொள்ள ஒரு வழியாகும்.

கோயில் நிலத்துக் குடிகள்

லங்காதிலக விகாரை நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சரின் முயற்சியால் எழுந்தது. அதன் பாறையிற் பொறிக்கப்பட்ட சாசனம் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் உண்டு. சக ஆண்டு 1266, அதாவது கி.பி. 1344, அதன் காலம். விகாரைக்கு வழங்கப்பட்ட நிலங்களைத் தமிழ் எழுத்திலும் மலைநாட்டுப் பாறையொன்று தாங்கி நிற்பது நம் மாணவர்கள் நேரிற் சென்று காண வேண்டிய காட்சியாகும். அதே காலத்ததான கடலாதெனிய விகாரையை அமைத்த சிற்பாசிரியரின் பெயர் கணேசுவராசாரி எனச் சாசனம் கூறுகின்றது. எம்பெக்கேயில் வழிபடப்படும் தெய்வம் கதிர்காமக் கடவுளே.

இக்கோயில்களுக்கு நிலம் இருந்தது. நிலத்தை உழுவதற்குக் குடிகள் இருந்தனர். அவர்கள் செலுத்திய இறை பணமன்று, ஊழியம். ஒரு குடும்பம் மேளம் கொட்டும். ஒரு குடும்பம் விளக்குக்கு எண்ணெய் கொணரும். குயவர் பானையும் ஓடும் தருவர். தச்சர் மரவேலை பழுதுபார்ப்பர். வேறு சிலர் பெரகராவில் தீவட்டி ஏந்துவர். ஒவ்வோர் ஊழியத்துக்கும் ஒரு நிலப்பங்கு. அதற்குப் ‘பங்குவ’ என்று பெயர். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இந்நாட்டில் நிலம் பணத்துக்காகவன்றி ஊழியத்துக்காகவே அனுபவிக்கப்படுகிறது என்பதை வியப்புடன் எழுதி வைத்தார்.

இக்குடிகள் இருவகையினர். பரம்பரையாகப் பங்குவ ஒன்றை அனுபவித்து, அதற்குரிய ஊழியத்தைச் செய்துவருபவர் ‘பரவேணி நிலக்காரர்’. நிலவுடைமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் பயிரிடுபவர் ‘மருவேன நிலக்காரர்’. முன்னவரின் பங்கு பிள்ளைகளுக்குச் சேரும். பின்னவர் போகச் சொன்னாற் போக வேண்டியவர். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

பிரித்தானியர் 1815ஆம் ஆண்டு கண்டியைக் கைப்பற்றினர். 1832ஆம் ஆண்டு அரசுக்குரிய இராசகாரிய ஊழியத்தை ஒழித்தனர். ஆயினும் விகாரை, தேவாலயம், பிரதானிகளின் நிந்தகம் ஆகிய நிலங்களிலே ஊழியம் அப்படியே நீடித்தது. காலம் மாறியிருந்தது, பணம் புழங்கத் தொடங்கியிருந்தது, ஊழியம் தவறியபோது என்ன செய்வது என்ற வழக்குகள் நீதிமன்றங்களை அடைந்தன. அதற்கு விடையாக வந்ததே 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சேவை நிலவுரிமைக் கட்டளைச் சட்டம். ஆளுநர் சேர் ஹெர்குலிஸ் றொபின்சன் காலத்தில் அது நிறைவேறியது.

அச்சட்டத்தின் முதற் பணி கணக்கெடுப்பு. ஆணையாளர்கள் ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு பங்குவவும் செய்ய வேண்டிய ஊழியம் யாது, அதன் பணப் பெறுமதி யாது என்று பதிந்தனர். விரும்பிய பரவேணி நிலக்காரர் ஊழியத்தைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது, தவறியவனுக்கு அச்சட்டம் சொன்ன விடை. ஊழியம் செய்யாத பரவேணி நிலக்காரனை நிலத்தைவிட்டு வெளியேற்ற வழக்குத் தொடுக்க நிலவுடைமையாளருக்கு உரிமை இல்லை. ஊழியத்தின் பெறுமதியை அவர் கடனாக அறவிடலாம். அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அந்நிலத்து விளைச்சலையும் கனிகளையும் கைப்பற்றி விற்க வேண்டும். அது போதாவிட்டால் நிலக்காரனின் அசையும் பொருள்களை விற்க வேண்டும். இரண்டும் இல்லாதபோதே பங்குவ விற்பனைக்கு வரும். அப்போதும் வாங்குபவன் அதே ஊழியக் கடமையோடுதான் அதை வாங்குகிறான்.

காலவரையறையும் உண்டு. பணமாக மாற்றப்படாத ஊழிய நிலுவையை ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குக் கோர முடியாது. பணமாக மாற்றப்பட்டிருந்தால் ஈராண்டு. பத்தாண்டுகள் ஊழியமும் செய்யாமல், பணமும் செலுத்தாமல், வழக்கும் தொடுக்கப்படாமற் கழிந்தால், கேட்கும் உரிமை என்றென்றைக்கும் ஒழிந்து நிலம் விடுதலை பெறும்.

இச்சட்டம் ஏழைகளின் பொற்காலத்தைக் கொணர்ந்தது என்று யாரும் எண்ணற்க. மருவேன நிலக்காரனுக்கு இக்காப்பு இல்லை. பங்குவ பல பிள்ளைகளிடையே பிரிந்தபோதும் கடமை பிரியாது நின்றது. ஒருவன் தவறினால் மற்றவரும் பொறுப்பாயினர். சாதியோடு பிணைந்த ஊழியங்கள் மனிதனைத் தாழ்த்தின. 1968ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க நிந்தகக் காணிகள் சட்டம் பிரதானிகளின் நிலங்களில் ஊழியத்தை ஒழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயினும், விகாரை தேவாலய நிலங்களை அது தொடவில்லை. ஜெர்மானிய சமூகவியலாளரான ஹான்ஸ் டீட்டர் எவர்ஸ் லங்காதிலகவின் நிலக்காரர்களை நேரில் ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட நூல், அந்தப் பழைய ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததைக் காட்டுகின்றது. குறைகள் யாவற்றையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஓர் உண்மை எஞ்சுகிறது. நிலுவை என்பது கடன். கடனைக் கடனாக அறவிடு. கூரையைக் கடைசியாகத் தொடு என்பதே அச்சட்டத்தின் நெஞ்சம்.

வாடகை வீட்டுக் குடிகள்

இனிப் பெருவீதிக்கு மீள்வோம். பிலிமத்தலாவைக் கடைத்தெருவில் ஒரு வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுப்பவர், அறிந்தோ அறியாமலோ உரோமன் டச்சுச் சட்டத்தின் நிழலில் வாழ்கின்றார். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அச்சட்டம் குடியிருப்பவருக்குச் சில கடமைகளை விதிக்கின்றது. வாடகையை உரிய நாளிற் செலுத்த வேண்டும். வீட்டைத் தன் வீடுபோற் பேண வேண்டும். எதற்காக எடுத்தாரோ அதற்கே பயன்படுத்த வேண்டும். போகும்போது இயல்பான தேய்வு நீங்கலாக நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும். வாடகை நிலுவையானால், வீட்டினுள் அவர் கொணர்ந்து வைத்த தளபாடங்கள்மீது வீட்டுக்காரருக்கு ஒரு பற்றுரிமையும் உண்டு. மறுபுறத்தில், வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டாலும் வாடகை ஒப்பந்தம் அழிவதில்லை. விற்பனையை வாடகை முந்தும் என்பது ஒல்லாந்தரின் பழைய நீதிமொழி.

போர்க்காலத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் தோன்றியபோது இது போதாதாயிற்று. 1942ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1948இல் 29ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அதன் இடத்தைப் பெற்றன. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை தவறியவரை எவ்வாறு நடத்தியது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. வாடகை செலுத்த வேண்டிய நாளுக்குப்பின் மூன்று மாதமோ அதற்கு மேலோ நிலுவையாயிருந்தாலன்றி அக்காரணத்தால் வெளியேற்ற வழக்கில்லை. முதன்முறை தவறியவருக்கு மூன்று மாத அறிவித்தல். இரண்டாம் முறை இரண்டு மாதம். அதன்பின் ஒரு மாதம். அறிவித்தற் காலம் முடியுமுன் நிலுவை முழுவதையும் கொடுக்க முன்வந்தால் வழக்குத் தொடுக்க முடியாது. வழக்குத் தொடுத்த பின்னரும், அழைப்பாணையிற் குறித்த நாளுக்குள் கொடுத்தால் வழக்கு நிலைக்காது. நோயாலோ வேலையின்மையாலோ தவறினார் என்று நீதிமன்றம் கண்டால், தவணை கொடுத்துக் குடியிருப்பைக் காக்கவும் இடமிருந்தது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி மன்றத்தில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் செலுத்திவிடலாம். அதுவே வீட்டுக்காரரிடம் செலுத்தியதாகக் கொள்ளப்பட்டது.

குயவருக்கும் மேளகாரருக்கும் 1870இல் அமைந்த தயக்கமே இங்கு வேறு உருவில் வெளிப்படுவதைக் காண்கிறோம். தவறியவனுக்குத் திருந்த ஒரு வாசல், அதன்பின் இன்னொரு வாசல், அதன்பின்பே தெரு.

வீட்டுக்காரரின் முறைப்பாட்டையும் கேட்டல் நீதி. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வாடகை பழைய மதிப்பீடுகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. அரிசி விலை ஏறிற்று, கூலி ஏறிற்று, கூரை ஓட்டின் விலை ஏறிற்று, வாடகை மட்டும் ஏறவில்லை. தம் வாழ்நாட் சேமிப்பை ஒரு வீடாக்கி, அதன் வாடகையில் முதுமையைக் கழிக்க எண்ணிய விதவையும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் தம் வீட்டைத் தாமே பெற ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளில் ஏறினர். பழுது பார்க்கப்படாத வீடுகள் இடிந்தன. வாடகைக்கு வீடு கொடுப்பாரும் அருகினர். ஒருவனைக் காக்கும் சட்டம் அச்சுமையை முழுவதும் இன்னொரு தனிமனிதன் தோளிலே வைத்தால் அது நெடுநாள் நிலைக்காது. 1980, 2002ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் அச்சட்டத்தின் எல்லையைக் குறுக்கின. எழுத்து ஒப்பந்தத்தின்மீது குத்தகைக்கு விட்ட இடத்தை விரைந்து மீட்பதற்கென 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் நிறைவேறிற்று. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தை நாடிவந்து அறையெடுத்துத் தங்கும் மாணவரைக் காப்பது பெரும்பாலும் அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தமே. ஆகவே அதை வாசித்துக் கையொப்பமிடுதலும், செலுத்திய ஒவ்வொரு மாதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்கி வைத்தலும் அறிவுடைமை.

எனினும் ஒரு வேலி இன்னும் நிற்கிறது. எத்துணை நிலுவையிருந்தாலும் வீட்டுக்காரர் தாமே பூட்டை மாற்றவோ, பொருள்களைத் தெருவில் வீசவோ, மின்சாரத்தைத் துண்டித்து விரட்டவோ கூடாது. நீதிமன்றத்தின் வழியாகவே வெளியேற்றல் வேண்டும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், சமாதானம் குலையக்கூடிய நிலையில், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் துணையை நாடலாம். வழக்கு நீதிமன்றத்தை அடைந்த நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுள் வெளியேற்றப்பட்டவராயின், மீண்டும் உள்ளே அமர்த்தும் கட்டளையைப் பெற முடியும்.

வாடகையில்லாத வீடு

மூன்றாம் குடி லயத்துக் குடி. பிலிமத்தலாவைக்கு அயலிலுள்ள கன்னொறுவையிலே ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களிற் கோப்பித் தோட்டம் அமைத்தார். அக்காலந்தொட்டுத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு உறைவிடமாக அமைந்தவை வரிசை அறைகள். அவற்றுக்கு வாடகை இல்லை. ‘வீடு இலவசம்’ என்பது தோட்டக்காரர் பெருமையோடு சொல்லிக்கொண்ட சொல்.

வாடகை இல்லையென்றால் நிலுவை இல்லை. நிலுவை இல்லையென்றால் வெளியேற்றமும் இல்லை என்று ஒருவர் எண்ணக்கூடும். நடந்தது அதற்கு மாறானது. சேவை நிலவுரிமைச் சட்டத்துக்கு ஐந்தாண்டு முன்னர், 1865இல், அதே அரசாங்கம் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சேவைச் சட்டத்தை இயற்றியது. அதன்படி தோட்டத் தொழிலாளி மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் உள்ளவனாகக் கருதப்பட்டான். முன்னறிவித்தலின்றி வேலையைவிட்டு அகன்றாற் சிறை. விகாரைக் குயவன் ஊழியம் தவறினால் அது கடன். தோட்டத் தொழிலாளி ஊழியம் தவறினால் அது குற்றம். இருவரும் செய்தது உழைப்பே. இருவரையும் ஆண்டது ஒரே ஆட்சியே.

கடனும் அங்கே வேறு தொழில் செய்தது. ஊரிலிருந்து அழைத்துவந்த கங்காணியின் ஏட்டில் தொழிலாளியின் பெயரில் வழிச்செலவும் முற்பணமும் ஏறியிருக்கும். கடன் இவ்வளவு, அதைச் செலுத்தும் தோட்டம் இவரை ஏற்கலாம் என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் அவன் வேறு தோட்டம் போக முடியாது. 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்படும்வரை துண்டு முறை நிலவியது. வாடகை வீட்டில் நிலுவை மனிதனை வெளியே தள்ளும். லயத்தில் நிலுவை மனிதனை உள்ளே பூட்டியது. ஆனால், துரையின் சினத்துக்கு ஆளானவனுக்கு வேலை நீக்கச் சீட்டு வந்தால் அன்றே அறையும் போயிற்று. அவன் குடியிருப்பாளன் அல்லன், வேலைக்காரன் மட்டுமே. வேலை முடிந்தால் வீடு முடிந்தது. மருவேன நிலக்காரனை இங்கே வாசகர் நினைவுகூரலாம். நூறாண்டு ஒரே அறையிற் பிறந்தும் இறந்தும் வந்த குடும்பமும் சட்டத்தின் கண்ணில் விருப்பம் உள்ளவரை இருப்போராகவே நின்றது.

1948ஆம் ஆண்டு இதன் முரணை நன்கு காட்டும். நகரத்து வாடகைக் குடிகளைக் காக்கும் 29ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிய அதே பாராளுமன்றம், அதே ஆண்டில், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒருவனுக்கு வீட்டில் நிலைப்பு. மற்றவனுக்கு நாட்டிலேயே நிலைப்பில்லை.

இவ்விருளிலும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. அரசாங்கம் சுவீகரித்த தோட்டமொன்றின் தொழிலாளி ஒருவர், அறிவித்தல் கிடைத்தும் லயத்தைவிட்டு நீங்க மறுத்தார். அத்துமீறிக் குடியிருந்த குற்றம் அவர்மீது சாட்டப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1950இல் அம்மன்று ஒரு கோட்பாட்டைத் தெளிவாக்கியது. தனக்கு உரிமையுண்டு என்று மெய்யாக நம்பித் தன் உறைவிடத்தைப் பற்றி நிற்பவனின் நோக்கம் குடியிருப்பதே. உடைமையாளருக்கு அதனால் தொல்லை விளையும் என்று அவன் அறிந்திருந்தான் என்பதால் மட்டும் அது குற்றமாகாது. அவனுடைய உரிமைக் கோரிக்கை சட்டத்திற் பிழையாயிருந்தாலும் அவன் குற்றவாளி அல்லன். அவருக்கு வீட்டுரிமை கிட்டிற்று என்பது இதன் பொருளன்று. வீட்டைப் பற்றிக்கொண்டிருத்தல் களவன்று என்பது மட்டும் நிலைநாட்டப்பட்டது. இலங்கை, இந்திய நீதிமன்றங்கள் அத்தீர்ப்பைப் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளன.

ஆனால், குற்றமில்லை என்பது வேறு; உரிமை என்பது வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டி மாவட்டத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் துரத்தப்பட்டன. அவர்கள் வாடகை நிலுவை வைத்தவர்கள் அல்லர். அறிவித்தற் காலமும் இல்லை, தவணையும் இல்லை, நிலுவையைச் செலுத்தி மீளும் வாசலும் இல்லை. செலுத்த வேண்டியது ஏதும் இல்லாதவனுக்குச் செலுத்தி மீளும் வழியும் இல்லாது போயிற்று.

எது உறுதி தருவது?

மூன்று விடைகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் உண்மை துலங்குகிறது. குடியிருப்பவனுக்குக் கடமை விதிப்பது அவனை ஒடுக்குவது என்று பலர் கருதுகின்றனர். வரலாறு வேறு சொல்கிறது. அளவிடப்பட்டு, எழுதப்பட்டு, இருதரப்பும் ஒப்புக்கொண்ட கடமை எதுவோ அதுவே உரிமைக்கும் வேராகிறது. எம்பெக்கே மேளகாரனுக்கு இத்தனை நாள் மேளம் என்று ஏட்டில் எழுதியிருந்தபடியால், அதற்கு மேல் அவனிடம் எதுவும் கேட்க முடியவில்லை. தவறியபோதும் அவனை நிலத்திலிருந்து பெயர்க்க முடியவில்லை. வாடகைக் குடிக்கு இத்தனை ரூபா என்று இருந்தபடியால், அதைச் செலுத்தி அவன் நிமிர்ந்து நிற்க முடிந்தது. லயத்துக் குடிக்கோ வீடு கருணையாகத் தரப்பட்டது. கருணைக்கு அளவுமில்லை, பற்றுச்சீட்டுமில்லை; ஆதலால் அது மீளப் பெறப்படும்போது எதிர்த்துக் காட்ட ஒரு துண்டுத் தாளும் அவனிடம் இருக்கவில்லை.

இந்திய உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் அமைந்தது. 2017 மே மாதம் நோர்வுட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியா பத்துப் பேர்ச் காணியா என்ற விவாதமும் நடந்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும், வீட்டோடு உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததா என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி. லயங்களில் இன்னும் வாழும் குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டியது மற்றோர் இலவசம் அன்று. அவர்கள் கூரைக்கு ஒரு பெயர், எல்லை, கடமை, அக்கடமை தவறினாலும் திருந்துவதற்கொரு தவணை ஆகிய இவையே வேண்டுவன. லங்காதிலகப் பாறையில் விகாரைக்குரிய நிலங்கள் 1344இல் தமிழிலும் எழுதி வைக்கப்பட்டன. அப்பாறைக்கு அயலே மலைச்சரிவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் அறைக்கும் எழுதப்பட்ட ஒரு வரி உரித்தாக வேண்டும்.